வலைக்குப் பின்னால் நின்றவள்

ட்ராயானைக் கோல்கீப்பர் ஆக்கியது திறமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடது காலில் இரண்டு விரல் கிடையாது. ஓடச் சொன்னால் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போவார். கை மட்டும் நல்ல நீளம். திமிஷ்வாரா நகரத்தில் வீடில்லாதவர்களைப் பிடித்துக் கால்பந்து அணி சேர்த்த சொரினா அவரைப் பார்த்ததும், "அண்ணே, நீங்க ஓட வேணாம். கம்பத்துக்கு நடுவுல நில்லுங்க, போதும்" என்றாள்.

அப்படி நிற்பதுதான் அவருக்கு வரவில்லை.

பந்து முன்னால் வரும். இவர் பின்னால் பார்ப்பார். வலை குலுங்கின பிறகு திரும்பி, "எப்படா போட்டான்?" என்பார்.

"கழுத்துக்குச் சாவி குடுத்து விட்டிருக்காங்களாண்ணே?" என்று கேட்பான் கீட்சா. அவன் மாற்று ஆட்டக்காரன். பந்தைவிடச் சிகரெட்டை நன்றாகக் கையாள்வான்.

ட்ராயான் காரணத்தைச் சொரினாவிடம் மட்டும்தான் சொன்னார். ஒரு காலத்தில் செருப்பு ஆலையில் அடிப்பாகம் ஒட்டிக்கொண்டிருந்தவர். ஆலையை மூடினார்கள், பிறகு மனைவி கதவை மூடினாள், மற்ற கதவெல்லாம் பார்த்துப் பழகிக்கொண்டன. ஒரு ஜனவரியில், சதுக்கத்து ரொட்டிக்கடைப் படியில், அடுப்புச் சூடு வெளியே வருகிற துவாரத்துக்கு முகத்தைக் கொடுத்துத் தெருவுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். கடை திறக்கும் நேரம். பின்னாலிருந்து ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. போர்வையை உதறி எழுந்து பார்த்தால் தெருவில் ஒருவரும் இல்லை. ஷூவுக்குள் போன தண்ணீர் உறைந்துவிட்டது. விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். "ஊர் காலுக்கெல்லாம் ஒட்டினேன், என் காலுக்கு ஒட்டல" என்று அவரே சிரிப்பார். நீங்களும் சிரித்துக்கொள்ளலாம்.

விரல் போனது. தண்ணீர் ஊற்றின அந்தக் கை போகவில்லை. டிராமில் ஓட்டுநர் அறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் நிற்பார். தங்குமிடத்தில் கதவைப் பார்த்தபடிதான் குளிப்பார். நடு ஆகஸ்டில்கூடப் பிடரியில் சில்லென்று வழியும். தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும். அந்தக் கைக்கு முகம் இல்லை. அதனால் ஊரில் இருந்த எல்லா முகத்திலும் அது ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு ஆளைத்தான் அவர் சந்தேகப்படவில்லை: அதே ரொட்டிக்கடை ஔரிகா அத்தை. முந்தின நாள் மிஞ்சின கொவ்ரிக்கை, அந்த உப்பு வளைய ரொட்டியை, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தவள் அவள்தானே.

பயிற்சியில் கீட்சா ஒரு வழி செய்தான். வலைக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். "நான் இருக்கேண்ணே. ஒரு பூனை வந்தாலும் என்னத் தாண்டித்தான் வரணும்." அன்றைக்கு ட்ராயான் பிடித்த பந்துகளைப் பார்த்துச் சொரினாவுக்கே வாய் அடைத்தது.

போட்டி நாள் வந்தது. சதுக்கத்தின் நடுவிலேயே பலகை அடித்து ஆடுகளம் போட்டிருந்தார்கள். பலகைமேல் சாய்ந்து சூரியகாந்தி விதை கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது ஊர். வழக்கமாக ஆடும் ஒருவனுக்கு லாரியில் சுமை இறக்கும் வேலை கிடைத்துவிட்டதால், கீட்சா உள்ளே இறங்க வேண்டியதாயிற்று. வலைக்குப் பின்னால் ஆள் இல்லை.

"பாட்டில் பொறுக்கிங்க பந்து பொறுக்க வந்துட்டானுங்கடோய்!" என்றது ஒரு குரல். சிரிப்பு. ட்ராயான் திரும்பினார். கோல்.

சொரினா பலகையோரம் ஓடிவந்தாள். "அண்ணே, இன்னொரு வாட்டி திரும்பினா உங்கள எடுத்துட்டு கீட்சாவ நிறுத்திடுவேன். ஆள் குறைஞ்சாலும் பரவால்ல. எனக்கும் வேற வழி தெரியல."

ட்ராயான் மஞ்சள் கையுறையைப் பார்த்தார். வெளியே எங்கே போனாலும் அவர் பெயர் 'ஏய்'. ட்ராயான் என்று கூப்பிட்டது இந்த அணி ஒன்றுதான்.

சொரினா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்: "யாராவது வலைக்குப் பின்னாடி நிக்கிறீங்களா? முதுகக் காட்டி நின்னா போதும்."

"காவலுக்கு ஒரு நாய் வாங்கிக் குடும்மா!"

கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு ஔரிகா அத்தை வந்தாள். மேல்துணியெல்லாம் மாவு. ஆஸ்துமா நெஞ்சு விசில் அடித்தது. "நான் நிக்கிறேன்."

வலைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, அவர் காதுக்கு மட்டும் சொன்னாள்: "முதல்ல இதக் கேட்டுக்க. அந்தத் தண்ணிய ஊத்தினது நான்."

ட்ராயானின் கையுறை கம்பத்தைத் தேடிப் பிடித்தது.

"தெரியாம ஊத்தலடா. நீ படுத்திருக்கேன்னு தெரிஞ்சேதான். ஊத்திட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டேன். வாடிக்கைக்காரங்க மூக்கப் பிடிச்சாங்க. உன் காலு அப்படி ஆகும்னு நெனைக்கல. அதுக்கப்புறம் அந்தப் படிய என்னால கழுவ முடியல. வேணாம்னா சொல்லு, போயிடறேன்."

அந்தக் குளிர் பிடரிக்கு வந்தது. காகிதத்தில் சுற்றின ரொட்டியும் வாளியும் ஒரே கையில். அவளை விரட்ட வாய் திறந்தார். அப்போது ஒன்று கவனித்தார்: எதிரே பலகைமேல் தொங்கின கைகள் எல்லாம் வெறும் கைகளாக இருந்தன, விதை உரித்துக்கொண்டு. தேடின கை எங்கே இருக்கிறது என்று முதல்முறையாக அவருக்குத் தெரிந்தது.

"நில்லுங்க" என்றார். "நகரக் கூடாது."

"நகரல."

நடுவர் விசில் ஊதினார். பின்னால் அவள் மூச்சு உய்ங் உய்ங் என்று இழுத்தது. அது இடம் மாறாதவரை அவர் திரும்பவில்லை. ஒரு பந்து, இன்னொரு பந்து, மார்போடு அணைத்துப் பிடித்தார். கேலி பேசின குரலே, "அடப்பாவி, புடிச்சுட்டான்யா!" என்றது.

கடைசியில் எதிர் அணிக்கு ஒரு பெனால்டி. கூட்டம் போட்ட கூச்சலில் மூச்சுச் சத்தம் மூழ்கிப்போனது. பிடரியில் ஈரம் இறங்க ஆரம்பித்தது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

"இருக்கீங்களா?" என்று முன்னால் பார்த்தபடியே கத்தினார்.

"இருக்கேன்டா! பந்தப் பாரு!"

பார்த்தார். விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் மோதி, உள்ளே போய்விட்டது பந்து. ஆனால் போகிற வழி முழுக்க அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்தது. சொரினா ஓடிவந்து கையுறையோடு கையைப் பிடித்துக் குலுக்கினாள். கீட்சா மல்லாந்து படுத்து, "எனக்கு மூச்சு இருக்கான்னு யாராவது பாருங்கடா" என்றான். ட்ராயான் அதே இடத்தில் நின்றார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டது பின்னாலிருந்து. முதுகைக் காட்டி நின்றதில் அந்தக் கடைசி கோலை அவள் பார்த்திருக்கவில்லை. "என்ன ஆச்சு?"

"தோத்துட்டோம்."

"ம்."

இருவரும் திரும்பவில்லை. திரும்பினால் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு அவருக்கும் தைரியம் இல்லை, அவளுக்கும் இல்லை.

"கூட்டம் போகட்டும்" என்றார் ட்ராயான்.

"போகட்டும்."

வலையைக் கழற்ற வந்தவர்கள் ஒரு பக்கத்தை அவிழ்த்துவிட்டு, முதுகுக்கு முதுகு நின்ற அந்த இரண்டு பேரையும் என்ன செய்வது என்று தெரியாமல், ஓரமாகப் போய் விதை கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.