டைம்டேபிள் அக்காவின் நாற்பது விநாடி

பஸ் டிப்போவில் அவளுடைய சொந்தப் பெயர் புழக்கத்திலிருந்து போய்ப் பல வருடமாகிறது. முந்நூற்றுப் பதினெட்டு ஓட்டுநர்களுக்கும் அவள் டைம்டேபிள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த நாள் யார் எந்த வண்டியை எடுப்பது என்று வாராவாரம் ஷிப்ட் போடுவது அவள் வேலை. வண்டி பழுது பார்க்கும் கூடத்துக்கு மேலே அவள் அறை. ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை, மூடினால் புழுக்கம். பாதி திறந்து வைத்து இரண்டையும் அனுபவித்து வந்தாள்.

ஷிப்ட் போடுவதற்கு ஒன்பது வருடம் முன்பு அவளே பைதான் என்ற கணினி மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து மணி நேர ஓய்வு வேண்டும், தொடர்ந்து ஆறு நாளுக்கு மேல் போகக் கூடாது என்று ஏகப்பட்ட விதிகள். எல்லாவற்றையும் கோடிக்கணக்கான முறை பொருத்திப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஓடவிட்டால் நாலு மணிக்கு முடியும். இடையில் யார் வந்து நின்றாலும், "ஓடிக்கிட்டிருக்கு, இப்ப எதுவும் மாத்த முடியாது" என்றால் போதும், வந்த வழியே போய்விடுவார்கள். அந்த ஐந்து மணி நேரத்தில்தான் அவள் ஆற அமரச் சாப்பிடுவாள். சில வாரம் மேசையில் தலை வைத்துக் கொஞ்சம் கண்ணயர்வதும் உண்டு.

புதிதாக வந்த மேலாளருக்கு இது பொறுக்கவில்லை.

"ஒருத்தர் லீவு போட்டா மறுபடி அஞ்சு மணி நேரமா? வேகமா ஓட வைக்க வழியே இல்லையாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அசதியில் உண்மை வாயில் வந்துவிட்டது. "உள்ள அந்தப் பொருத்திப் பாக்குற பகுதிதான் சார் இழுக்குது. அதை மட்டும் சி-ல எழுதி, கம்பைல் பண்ணி, ஸ்கிரிப்டோட சேர்த்தா வேகமா ஓடும்."

"அப்பறம் என்ன, செஞ்சுடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சி மொழியை அவள் கல்லூரியோடு தலைமுழுகியிருந்தாள். பழைய பாடப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, மற்ற வேலைகளுக்கு நடுவே ஆறு வாரம் மல்லுக்கட்டினாள். முதன்முதலாகச் சேர்த்து ஓட்டியபோது எல்லாம் சேர்ந்து விழுந்தது. ஸ்கிரிப்டில் தப்பு செய்தால் எந்த வரியில் என்ன தப்பு என்று அதுவே சொல்லும். சி அப்படியில்லை, மூச்சுவிடாமல் செத்துப்போகும். காலொடிந்து மூன்று மாத விடுப்பில் இருந்த ஓட்டுநர் ஒருவருக்கு அந்த வாரம் ஷிப்டே கிடையாது. காலியாக இருந்த அவருடைய பட்டியலில் முதல் ஷிப்ட் எது என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க நாலு நாள்.

அடுத்த தொல்லை அதைவிட மோசம். பத்து ஓட்டுநர்களை வைத்து ஓட்டினால் ஒழுங்காக இருந்தது. முழுப் பட்டியலையும் கொடுத்தால் சிறிது நேரத்திலேயே நினைவகம் நிரம்பி, கணினி மரம்போல நின்றது. நினைவகத்தில் உள்ள ஒரு தகவலை நிரலில் எத்தனை இடம் பிடித்து வைத்திருக்கிறது என்று பைதான் எண்ணிக்கொண்டே இருக்கும், எல்லா இடமும் விட்டபின் தூக்கி எறியும். சி-யில் எழுதினால் பிடித்ததையும் விட்டதையும் நாமே சொல்லியாக வேண்டும். எங்கோ அவள் விட்டதைச் சொல்லவில்லை.

"ராத்திரி தூக்கத்துல என்னமோ எண்ணிக்கிட்டே இருந்தே" என்றார் அவள் கணவர். கண்ணாடிக் கடையில் அளவெடுத்து வெட்டுபவர், வெட்டு விழுந்த விரலோடுதான் எப்போதும் வீட்டுக்கு வருவார். "எல்லாத்தையும் போட்டுட்டுப் பேசாம படுத்துத் தூங்கு."

"எங்கேயோ ஒரு வரி விட்டுப்போச்சுங்க. அது எதுன்னு தெரியுற வரைக்கும் தூக்கமும் அப்படித்தான்."

பதினோராம் நாள் காலை, பஸ்ஸுக்கு நிற்கும்போது அது எங்கே என்று புரிந்தது. ஒரு ஓட்டுநரையும் ஒரு ஷிப்டையும் பொருத்திப் பார்க்கும்போதெல்லாம் ஒரு புது விடை பிறக்கிறது, அதைப் படித்துவிட்டு அப்படியே போட்டுவிட்டாள். விட்டாயிற்று என்று சொல்லும் ஒரே ஒரு வரி சேர்த்தாள். ஐந்து மணி நேரத்து வேலை நாற்பது விநாடியில் முடிந்தது. நம்பாமல் பழைய முடிவோடு வரிவரியாக ஒப்பிட்டாள். சரியாகத்தான் இருந்தது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

முதல் வாரம் எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டாம் வாரம் ஒரு மூத்த ஓட்டுநர் தயங்கித் தயங்கி வந்தார். மனைவிக்கு வாரம் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ், கூடப் போக ஆளில்லை. மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாள். பன்னிரண்டாவது தடவை இடம் கிடைத்தது. அவர் கைகூப்பிவிட்டுப் போனார், கீழே போய் நல்லதைத்தான் சொன்னார். மறுநாள் அவள் கதவுக்கு வெளியே பதினான்கு பேர். கல்யாணம், பல்வலி, மச்சானோடு சண்டை, சும்மா ஒரு காலைத் தூக்கம். மேலாளரோ ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை போன் செய்து, "இப்படி வச்சா எப்படி வரும்னு பாருங்க" என்பார். ஆற அமரச் சாப்பிட்ட காலம் மலையேறிவிட்டது.

ஒரு மாதம் தாங்கிவிட்டு அவரிடமே போய் நின்றாள். "வியாழன் மத்தியானத்துக்கு மேல மாத்த மாட்டேன் சார்."

"நாப்பது செகண்டுதானேம்மா?"

"அது கம்ப்யூட்டருக்கு சார். எனக்கு ஒவ்வொருத்தர் கதையும் கேக்கணும், ஒருத்தருக்கு மாத்தினா யாருக்கு இடிக்குதுன்னு பாக்கணும், அப்பறம் அவங்க வந்து திட்டுறதையும் கேக்கணும்."

அவர் கெட்டவரில்லை. அறிவிப்பு ஒட்டினார். அது மூன்று வாரம் நின்றது, பிறகு அவரே மீறினார். தொலைந்த பொருள் பிரிவுக்கு மாற்றச் சொல்லி அவள் மனுக் கொடுத்தாள். அந்த சி நிரல் வேறு யாருக்கும் புரியாது என்று மனு திரும்பி வந்தது. யாருக்காவது சொல்லித் தருகிறேன் என்றாள். வந்த இருவரும் இரண்டாம் பக்கத்தில் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை வீட்டுக்குப் போக பஸ் ஏறியதும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "அக்கா, எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம்..."

"நாளைக்கு வாங்க" என்றாள். கடைசி இருக்கை காலியாக இருந்தது. அங்கே போய் ஜன்னலில் தலை சாய்த்தாள். இறங்க இன்னும் பதினேழு நிறுத்தம் இருந்தது.