எண்ணிக்கை சரியாக இருந்தது

என் பயணக் குறிப்பேட்டில் 27-04-2025, ஞாயிறு என்ற பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "மாலை 5.06. தேவனாம்பட்டினம். புறப்பாடு. நால்வரும் வண்டியில்." எழுத்து என்னுடையது. நேரம் சரி, இடம் சரி. நால்வரும் என்பது மட்டும் தவறு. அந்த நிமிடத்தில் வண்டியில் மூன்று பேர்தான் இருந்தோம்.

நாங்கள் விழுப்புரத்துக்காரர்கள். மே மாதத்தில் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை பத்து நாள் போய்வர வேண்டும் என்பது என் திட்டம். வண்டி பழைய சிறிய கார். செலவு இருபதாயிரத்துக்குள். மகள் யாழினிக்கு எட்டு வயது, மகன் கபிலனுக்கு நான்கு. என் மனைவி செல்வி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். சென்ற ஆண்டு ஒரு பேருந்து நிலையத்தில் கபிலன் இருபது நிமிடம் காணாமல் போனான். கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் அந்த இருபது நிமிடம் அவளுக்கு இன்னும் முடியவில்லை.

"மாமா, ஒரு நாள் ஒத்திகை பாக்கலாம். கடலூர், செதம்பரம் போயிட்டு வருவோம். புள்ளைய ஒரு தடவகூட தேடாம வீட்டுக்கு வந்துட்டோம்னா உங்க கன்னியாகுமரிக்கு வரேன்" என்றாள்.

நான் ஒரு விதி வகுத்தேன். வண்டி ஒவ்வொரு இடத்திலிருந்தும் கிளம்பும்முன் எல்லோரும் எண் சொல்ல வேண்டும். நான் ஒன்று, செல்வி இரண்டு, யாழினி மூன்று, கபிலன் நான்கு. நான்கு என்ற சொல் காதில் விழாமல் சாவியைத் திருப்பக் கூடாது. பின் இருக்கையில் குழந்தைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்க, நடுவில் பாய், தலையணை, துணிமூட்டை எல்லாவற்றையும் அடுக்கிச் சுவர்போல் எழுப்பினேன். அப்போது அதுவும் நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

காலை 5.35. புறப்பாடு. மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்தேன். ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல். இட்லி, மிளகாய்ப்பொடி, புளிச்சோறு, இருபது லிட்டர் தண்ணீர் கேன், எல்லாம் வீட்டிலிருந்தே. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரத்தை முடித்துவிடுங்கள். மணிக்கு ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், இறக்கிச் சிறுநீர் கழிக்கவிடுங்கள்.

பண்ருட்டி தாண்டும்போது நல்ல பனி. ஏப்ரல் கடைசியில் அப்படிப் பனி இறங்கி நான் பார்த்ததில்லை. முந்திரித் தோப்புகள் சாலையின் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் நின்றன. எதிரே வரும் வண்டி பக்கத்தில் வந்த பிறகே வண்டி என்று தெரிந்தது.

"அப்பா, தம்பி மூட்டையோட பேசறான்" என்றாள் யாழினி.

"என்ன பேசறான்?"

"தெரியல. மெதுவா பேசறான். மூட்டை பேசும்போது சும்மா இருக்கான்."

செல்வி திரும்பிப் பார்த்தாள். கபிலன் வாயை மூடிக்கொண்டான். அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் என்று நான் சொன்னேன். யாழினி அந்த வயதில் யாரோடும் அப்படிப் பேசியதில்லை என்று செல்வி சொன்னாள்.

காலை 8.20. சிதம்பரம். மீட்டரில் 93 கி.மீ. கீழ வீதியில் வண்டியை நிறுத்தினேன். கட்டணம் நாற்பது ரூபாய். போகாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கோயிலுக்கு நான்கு கோபுரங்கள், நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. உள்ளே இரண்டு முறை சுற்றிவிட்டால் எந்த வாசலில் நுழைந்தோம் என்பது மறந்துவிடும். நாங்களும் தெற்குக் கோபுரம் வழியாக வெளியே வந்து, செருப்பும் வண்டியும் இல்லாத தெருவில் வெறுங்காலோடு நின்றோம். தரை அதற்குள் சுட்டது. செல்வி கபிலனைத் தூக்கிக்கொண்டாள். இடுப்பிலிருந்து அவனை இறக்கவே இல்லை.

பகல் 11.40. அண்ணாமலை நகர். பெரிய பயணத்தின்போது இரவு தங்க மலிவான இடம் தேடிப் போனோம். விடுமுறையில் மாணவர் விடுதிகள் காலியாகக் கிடக்கும் என்பது என் கணக்கு. மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் விசாரித்தேன். மேலாளர் பனியனோடு மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தார்.

"எக்ஸாம் முடிஞ்சி பசங்க ஊருக்குப் போயிட்டாங்க சார். ரூம் சும்மாதான் கெடக்குது. ஃபேமிலின்னா அறுநூறு. ஜாஸ்தி கேக்க மாட்டேன்."

"பாத்ரூம்ல பக்கெட்டு இருக்குமா?" என்று செல்வி கேட்டாள்.

"பக்கெட்டு இருக்கும்மா. மக்குதான் இருக்காது. அதையும் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. படிச்ச படிப்புக்கு அதுதான் மிச்சம்."

மேல்மாடியைப் போய்ப் பார்த்தோம். நீளமான நடை, இரு பக்கமும் பூட்டிய கதவுகள். நண்பகலிலும் அங்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. திரும்பும்போது படிக்கட்டின் தலையில் நின்று, பழக்கமாகட்டும் என்று எண்ணச் சொன்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கபிலன் சொல்லி முடித்த பிறகு, நடையின் மறுகோடியிலிருந்து இன்னொரு 'நாலு' வந்தது.

"எதிரொலி சார். ஆளு இல்லாத மாசத்துல அப்புடித்தான்" என்றார் கீழே இருந்த மேலாளர்.

யாழினிக்கு அது பிடித்துவிட்டது. "மூணு!" என்று கத்திப் பார்த்தாள். பதில் வரவில்லை. இன்னொரு முறை கத்தினாள். ஒன்றுமில்லை. கீழே இறங்கியதும் அறை எண்ணையும் வாடகையையும் குறித்துக்கொண்டேன். எதிரொலியைக் குறிக்கவில்லை.

மாலை 3.50. தேவனாம்பட்டினம். சிதம்பரத்திலிருந்து 47 கி.மீ. திரும்பும் வழியில் பிள்ளைகளுக்குக் கடல் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். மீனவர் குடியிருப்பையொட்டிச் சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். மணலில் படகுகள், அவற்றுக்கு இந்தப் பக்கம் வலை பின்னும் கூடம். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தனியாக உட்கார்ந்து நைலான் வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. கபிலன் அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தான். அவர் ஒரு மிதப்புக்கட்டையை அவனிடம் கொடுத்தார்.

ஒரு மணி நேரம் தண்ணீரில் ஆடினார்கள். செல்வி முழங்காலளவு நீரில் நின்று இரண்டு கைகளிலும் இரண்டு பேரைப் பிடித்திருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். ஒத்திகை முடியப்போகிறது, ஒருவரையும் தேடவில்லை.

5.00 மணிக்குக் கால் கழுவி வண்டி ஏறினோம். கபிலனை இடப்பக்கக் கதவு வழியாக உட்கார வைத்தது செல்வி. யாழினி வலப்பக்கம் ஏறினாள். அவர்களுக்கு நடுவே என் மூட்டைச் சுவர். செல்வி முன்னால் வந்து உட்கார்ந்தாள். பின்கதவு ஒருமுறை சாத்தும் சத்தம் கேட்டது. கண்ணாடிகள் எல்லாம் இறக்கியிருந்தன.

"ஒண்ணு" என்றேன்.

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

குறிப்பேட்டில் எழுதினேன். சாவியைத் திருப்பினேன்.

5.14. மஞ்சக்குப்பம் தாண்டி, மீட்டரில் தேவனாம்பட்டினத்திலிருந்து 3.2 கி.மீ. செல்வி டப்பாவைத் திறந்து முறுக்கு எடுத்தாள். ஒன்றை யாழினியிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் திரும்பிப் பார்க்காமலே இடப்பக்க இடைவெளி வழியாகப் பின்னால் நீட்டினாள். யாரும் வாங்கவில்லை.

"கபிலா, புடி."

கை நீட்டியபடியே இருந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். செல்வி திரும்பினாள். அவள் கத்தவில்லை. "மாமா" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன், அந்தப் பேருந்து நிலையத்தில்.

திரும்பிப் போன வழி எனக்கு நினைவில் இல்லை. மீட்டரைப் பார்க்கவில்லை, நேரத்தைக் குறிக்கவில்லை. யாழினி அழுதுகொண்டே ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள்: "அவன் சொன்னானேப்பா, நாலு சொன்னானே." செல்வி கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி கடல் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் அவர்களை ஆடவிட்ட கடல்.

கபிலன் அஞ்சலையின் மடியில் உட்கார்ந்திருந்தான். கையில் அந்த மிதப்புக்கட்டை. செல்வி மணலில் ஓடி, விழுந்து, எழுந்து போய் அவனை அள்ளிக்கொண்டாள். அஞ்சலை என்னைத்தான் பார்த்தார்.

"வாங்க, வாங்க. எண்ணிட்டுதான போனீங்க?"

நான் தலையாட்டினேன்.

"கட்டைய மறந்துட்டேன்னு எறங்கி வந்தான். கதவையும் ஒழுங்கா சாத்திட்டுதான் வந்தான். நல்லா பழக்கியிருக்கீங்க" என்றார். கேலியா பாராட்டா என்று தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புள்ள எங்கிட்ட நிக்குது. வண்டியிலேருந்து ஒண்ணு, ரெண்டுன்னு கொரல் கேக்குது. நாலும் கேக்குது. வலையப் போட்டுட்டு எந்திரிச்சேங்க. கூப்பாடு போடறதுக்குள்ள நீங்க போயிட்டீங்க."

"நாலு கேட்டதா? உங்களுக்கா?"

"பொய் சொல்லி எனக்கென்ன ஆவப்போவுது?"

செல்வி அவர் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அஞ்சலை அவள் முதுகில் கை வைத்தார்.

"எங்க பக்கம் புள்ளைங்கள நம்பர் போட்டு எண்ண மாட்டோம்மா. சுனாமித் தண்ணி வந்த வருசம், ஸ்கூல் கட்டடத்துல தங்கியிருந்தப்ப, எங்க தெரு புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு எண்ணுனோம். சரியா வந்துச்சு. அப்பாடான்னு இருந்துட்டோம். ராத்திரி சோறு போடறப்பதான் தெரிஞ்சுது, வேற தெரு புள்ள ஒண்ணு வந்து வரிசையில நின்னிருக்குது. எங்க புள்ள ஒண்ணு அதுல இல்ல." வலையை மடியில் இழுத்துக்கொண்டார். "அதுலேருந்து பேரச் சொல்லிக் கூப்புடுவோம். கிட்டப் போயி முதுவுல கை வெப்போம். கை வெச்சாதான் புள்ள இருக்குதுன்னு அர்த்தம். கொரலு என்னா, யாரு வேணா குடுக்கலாம்."

அந்த வரிசையில் இல்லாத பிள்ளை அவருடையதா என்று நான் கேட்கவில்லை.

இரவு 7.30க்கு வீடு வந்தோம். மொத்தம் 195 கி.மீ. மூட்டைகளை டிக்கியில் திணித்துவிட்டிருந்தேன். குழந்தைகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தூங்கினார்கள்.

அடுத்த சில நாட்கள் நான் விசாரணை நடத்தினேன் என்றே சொல்ல வேண்டும். யாழினி தம்பி குரலில் விளையாட்டுக்குச் சொல்லியிருக்கலாம் என்பது முதல் ஐயம். திட்டாமல், மூன்று வேறு நாட்களில் கேட்டேன். மூன்று முறையும் இல்லை என்றாள். அவளைத் தம்பி மாதிரிப் பேசச் சொன்னேன். நான் கேட்ட குரல் அது இல்லை. ரேடியோ ஓடவில்லை. பக்கத்தில் வேறு வண்டி நிற்கவில்லை. "நீங்க எதிர்பார்த்தீங்க, அதனால உங்களுக்குக் கேட்டுது" என்று செல்வி சொன்னாள். ஆனால் அவளுக்கும் கேட்டிருந்தது.

மே 4, ஞாயிறு. தனியாகப் பேருந்தில் தேவனாம்பட்டினம் போனேன். அஞ்சலை அங்கேயே இருந்தார். "என்னா, மறுபடியும் எண்ண வந்துட்டீங்களா?" என்றார். சாலையிலிருந்து எண்ணினால் கூடத்தில் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றதும் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். வண்டி நின்ற இடத்துக்கும் கூடத்துக்கும் என் காலடியில் அறுபத்திரண்டு அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. மாலை சரியாக 5.06க்கு வண்டி நின்ற இடத்தில் நின்று, அன்று பேசிய அளவுக்குக் குரல் எழுப்பி, ஒன்று முதல் நான்கு வரை சொன்னேன். பிறகு சத்தமாகச் சொன்னேன். அவர் கையை ஆட்டினார். கேட்கவில்லை. கடல் காற்று முகத்தில் அடித்தது, அலைச் சத்தம் எல்லாவற்றையும் மூடியது.

திரும்பி நடந்து போய்க் கேட்டேன். "அன்னைக்கு மட்டும் எப்படிக் கேட்டது?"

"அன்னைக்குக் கரக்காத்தா இருந்திருக்கும். கரையிலேருந்து கடலுக்கு அடிச்சா, ரோட்டுல பேசறது இங்க கேக்கும்."

"இந்த மாசத்தில் சாயங்காலம் அப்படி அடிக்குமா?"

அவர் வலையிலிருந்து தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தார். "ஜாஸ்தி அடிக்காது" என்றார். அப்புறம் அவராகவே சொன்னார்: "போயிட்டு வாங்க. புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்."

வீட்டுக்கு வந்தபோது செல்வி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கன்னியாகுமரிக்கு எடுத்துவைக்கும் துணிகள் என்று பார்த்ததும் தெரிந்தது. ஒத்திகையில்தான் தோற்றுவிட்டோமே என்றேன்.

"வீட்லயே வெச்சுருந்தாலும் பயம் போவாது மாமா. கூடவே இருந்தாத்தான் போவும்" என்றாள். "நான் பின்னாடி உக்காந்துக்குறேன், ரெண்டு பேருக்கும் நடுவுல. நீங்க ஓட்டுங்க. எண்ணாதீங்க."

மே 10, சனிக்கிழமை காலை புறப்படுகிறோம். முதல் இரவு அண்ணாமலை நகரில் அந்த லாட்ஜ் வேண்டாம் என்று முடிவு செய்து, வேறோர் இடத்தில் எழுநூறு ரூபாய்க்கு அறை சொல்லியிருக்கிறேன். நூறு ரூபாய் கூடுதல். செலவுத் திட்டத்தில் வேறொன்றும் மாறவில்லை.

ஏப்ரல் 27 மாலை ஐந்து மணி அளவில் தேவனாம்பட்டினத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்பதை நான் அன்று குறிக்கவில்லை. பிறகு நான் விசாரித்த மீனவர்கள் இருவரில் ஒருவர் கடல் காற்று என்றார், ஒருவர் நினைவில்லை என்றார். இதுவரை சரிபார்க்கப்படவில்லை.