அட்டை வைத்த பக்கம்

என் அண்ணன் பல் கட்டுகிறவன். வாய்க்குள் கை விடும் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்ப, வீட்டின் கீழறையில் உட்கார்ந்து பல் செட் செய்து கொடுப்பவன். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். இந்த வட்டாரத்துக் கிழடுகள் மெல்லுவது அவன் தயவில், பார்ப்பது என் தயவில்.

அவனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்டு. அறிவியல் கதையும் மாயாஜாலக் கதையும் படிப்பான். படித்ததோடு நிறுத்தாமல், எதிர்ப்பட்டவர் தலையிலெல்லாம் அவற்றைக் கட்டப் பார்ப்பான். அச்சு கொண்டுவரும் ஆள்கூட வாசலில் பெட்டியை வைத்துவிட்டு ஓடிவிடுவார்.

சிபாரிசு செய்வதில் அவனுக்கென்று ஒரு முறை. கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். பல் வரும் வெள்ளை டப்பாவை வெட்டி, ஒரு சின்ன அட்டைத் துண்டை ஏதாவது ஒரு பக்கத்தில் செருகிக் கொடுப்பான்.

"இதுவரைக்கும் பொறுத்துக்கோ. அதுக்கப்புறம் நீயே கீழ வைக்க மாட்டே."

இந்த வகைப் புத்தகங்களில் முதல் நூறு பக்கம் வாயில் நுழையாத பெயர்களும், வரைபடமும், யார் எந்தக் கிரகத்து ராஜா என்பதுமாகவே போகும். பாதிப் பேர் அங்கேயே விழுந்துவிடுவார்கள். நல்ல புத்தகத்தில் அட்டை முன்னாலேயே இருக்கும், சுமாரானதில் நடுவில். கடைசிப் பக்கத்தில் இருந்தால் தொடவே வேண்டாம், எங்குமே தேறாது என்று அர்த்தம்.

இதைப் புரிந்துகொண்டு பதிலுக்கு அட்டை வைத்துக் கொடுத்த ஒரே ஆள் ஒரு மெடிக்கல் ரெப். பழைய புத்தகக் கடையில் ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேரும் கை நீட்டியதில் பழக்கம். கடலே இல்லாத ஒரு கிரகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டுகிறவர்களைப் பற்றிய ஏழு பாகக் கதை. எதற்காகக் கட்டுகிறார்கள் என்பது ஏழாம் பாகத்தில்தான் தெரியுமாம். அந்த ஏழாவது மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அதைத் தேடி அலைந்தே இரண்டு பேரும் நெருங்கிப்போனார்கள்.

நெருங்கியவனை அண்ணன் என்ன செய்தான்? எனக்குச் சிபாரிசு செய்தான்.

ஆள் எப்படி, வீட்டில் சிரிப்பானா சிடுசிடுப்பானா என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆறு பாகத்தையும் படித்தவன், யாருக்கும் பிடிக்காத நாலாம் பாகம்தான் உசத்தி என்று அண்ணனைப் போலவே சொன்னவன். மாப்பிள்ளைக்கு அவ்வளவு தகுதி போதும். "இப்படிப்பட்ட ஆள் தப்பா இருக்கமாட்டான், பாப்பா" என்றான். நான் ஒரு மக்கு, தலையாட்டினேன்.

என் புருஷன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. பேச மாட்டான், அவ்வளவுதான். வாரக்கணக்கில் பேச மாட்டான். உப்புக் குறைந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வான். வந்தவர்கள் முன்னால், "இவளுக்கு இதெல்லாம் ஏறாது" என்பான். அண்ணனிடம் வந்து அழுதால், அவன் பல்லுக்குப் பாலிஷ் போட்டபடியே சொல்வான்:

"கொஞ்சம் பொறுத்துக்கோ பாப்பா. சில ஆளுங்க முதல்ல அப்படித்தான். போகப்போக நல்லா இருக்கும்."

ஒவ்வொரு தடவையும் அட்டையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான். ஒன்பது வருஷம் தள்ளினான்.

மாடிப்படியில் விழுந்து என் மணிக்கட்டு உடைந்த அன்று, கை தொங்குவதைப் பார்த்துவிட்டு என் புருஷன் சொன்னது: "இந்த அத்தியாயத்தை முடிச்சிட்டு வர்றேன்." அவன் முடிக்கும்வரை நான் நிற்கவில்லை. தனியாக வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்டதும் நேராக அண்ணன் வீட்டு மாடிக்கு வந்துவிட்டேன். விவாகரத்தும் ஆயிற்று. அண்ணன் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. அவன் என் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் கீழறைக்கு டீ கொண்டுபோனபோது, பிளாஸ்டர் அச்சுகளுக்கு நடுவில் ஒரு தடித்த புத்தகம் கிடந்தது. ஏழாம் பாகம். உள்ளே நீல அட்டை. அண்ணன் வைப்பது வெள்ளை. சட்டைப் பெட்டியின் நீல அட்டையை நூல் பிடித்த மாதிரி வெட்டுகிறவன் ஒருவன்தான். அவன் வெட்டிப்போட்ட துணுக்குகளையெல்லாம் பெருக்கித் தள்ளியவள் நான்.

டீயைக் கீழே வைக்காமலேயே கேட்டேன்.

"இன்னும் அவனோட புத்தகம் மாத்திக்கிறியா?"

அண்ணன் திருதிருவென்று விழித்தான். "புத்தகம் மட்டும்தான் பாப்பா. வேற ஒரு பேச்சும் கிடையாது."

"எனக்கு நாப்பது வயசு. இன்னொரு தடவை பாப்பான்னு கூப்பிட்டா இந்த டீ உன் அச்சு மேலதான்."

"இதைப் பத்திப் பேச எனக்கு வேற யாரு இருக்கா? இத்தனை வருஷமா தேடினது. இப்பத்தான் அவனுக்குக் கிடைச்சிருக்கு."

"என் கை உடைஞ்சப்ப அவன் கையில என்ன இருந்துச்சு தெரியுமா? நீ கொடுத்த புத்தகம். அவனை எனக்குக் காட்டினதும் நீ. பொறு பொறுன்னு சொன்னதும் நீ. தப்பான ஆளைச் சொல்லிட்டேன்னு ஒரு நாளாவது உன் வாயில வந்துச்சா?"

அவன் புத்தகத்தை அச்சுகளுக்குப் பின்னால் நகர்த்தினான்.

"அதைப் படிச்சேன்னா நான் இந்த வீட்ல இல்ல" என்று சொல்லிவிட்டு மாடியேறினேன். சும்மா மிரட்டலுக்குச் சொல்லவில்லை. பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினேன். கடையில் கூட வேலை செய்கிறவளிடம் வாடகைக்கு வீடு பார்க்கவும் சொல்லிவைத்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பிக் கீழே இறங்கும்போது அண்ணனின் போன் அடித்தது. கையெல்லாம் பிளாஸ்டர் என்பதால் ஸ்பீக்கரில் போட்டான். நான் படியிலேயே நின்றேன். சுவரைப் பார்த்து உப்புக் குறை சொன்ன அதே குரல்.

"மச்சான், புத்தகம் வந்து சேர்ந்துச்சு. என்ன, அட்டையைக் கடைசிப் பக்கத்துல வச்சிருக்கே? அவ்வளவு மோசமா?"

"தெரியாது. நான் படிக்கல."

"படிக்காமலேயே எப்படி வச்சே?"

"அது புத்தகத்துக்கு வச்சதில்ல. உனக்கு வச்சது" என்றான் அண்ணன். "உன்னை என் தங்கச்சிக்குக் காட்டினப்பவே அங்கதான் வச்சிருக்கணும். தப்பு என்னோடது. இனிமே எனக்குப் போன் பண்ணாதே."

முழங்கையால் போனை அணைத்துவிட்டுத் திரும்பினான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு பிளாஸ்டரைக் கலக்க ஆரம்பித்தான்.

என் கோபம் போகவில்லை. ஒன்பது வருஷக் கோபம் ஒரு அட்டைத் துண்டில் போகாது. மாடிக்குத் திரும்பிப் போய்ப் பெட்டியிலிருந்த துணிகளை மட்டும் அலமாரியில் வைத்தேன். அந்தக் கப்பலை எதற்குக் கட்டினார்கள் என்று அண்ணனுக்கு இனித் தெரியப்போவதில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பழைய புத்தகக் கடையில் ஏறி, ஏழாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லை" என்றார் கடைக்காரர். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.