ஒச்சாயி ஷோரூமை மறித்த முகூர்த்த நாள்

ஒச்சாயி ஆசைப்பட்டு டிராக்டர் ஓட்டப் பழகியவள் இல்லை. புருசன் சோலைக்கு வலது கால் போன பிறகு வேறு வழியில்லாமல் பழகினாள். பேரையூர்ப் பக்கம் வாடகை உழவுக்கு அவளைக் கூப்பிடாத ஊர் குறைவு.

முதலில் அவர்களிடம் இருந்தது பழைய டிராக்டர். உச்சி முதல் அடி வரை கனத்த இரும்பு. ஒரு மழைக்காலத்தில் கண்மாய்க் கரை சரிந்து வண்டி கவிழ்ந்தது. சோலை அடியில் சிக்கிக்கொண்டார். காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. வண்டிக்கு மட்கார்டில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் அதை நிமிர்த்தி சாவியைத் திருகியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்தை அவளால் பொறுக்க முடியவில்லை. விற்றுவிட்டாள்.

புது வண்டியை அவள் வாங்கியது ஒரே காரணத்துக்காக. சீட்டுக்குப் பின்னால் உயரமாக ஒரு பாதுகாப்புச் சட்டம் இருந்தது. கவிழ்ந்தாலும் ஆள் நசுங்கமாட்டார் என்றார்கள். மற்றபடி எல்லாமே இலேசு.

இரண்டாம் வருசம் ஐப்பசியில் கரிசல் மண் நல்ல பதத்தில் இருந்தபோது, நடுக்காட்டில் உழுதுகொண்டிருக்கையில் படாரென்று ஒரு சத்தம். கியர் பெட்டியின் வெளிக்கூடு விரிசல் விட்டு, வண்டி இடுப்பொடிந்து தொங்கியது. எண்ணெய் முழுக்க மண்ணுக்குள் போனது.

சோலையின் பங்காளி சிவபாண்டி வந்து பார்த்தார். "இரும்ப வித்துட்டுத் தகரத்த வாங்குனீக மதினி. பழசு இருந்தா இன்னும் எம்புட்டோ வருசம் உழுதிருக்கும்."

"உழுதிருக்கும். அதுக்குத்தான் ஒன்னும் ஆகலயே, ஆனது எம் புருசனுக்குல்ல? எங்கிட்ட வந்து அந்த இரும்போட பெருமையப் பேசாத."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவனியாபுரம் ஷோரூமில் மேனேஜர் ஹரிஷங்கர், உடைந்த கூட்டின் போட்டோவைப் பார்த்தார். "ஓவர்லோடும்மா. வாரண்டியில வராது. மண்ணக் கிளறப் பின்னால பெரிய ரோட்டவேட்டர் மாட்டியிருக்கீங்க."

"அத எனக்கு வித்து, மாட்டிக் குடுத்ததே உங்க ஆளுதான தம்பி?"

"இப்ப வர்ற மாடல் எல்லாம் வெயிட்டக் குறைச்சுத்தான் வருது. டீசல் மிச்சமாகும்."

"வண்டியே ஓடாதப்ப டீசல் மிச்சமாகாம என்ன செய்யும்?"

அவர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த முகூர்த்த நாளில், புது வண்டி எடுக்கக் குடும்பங்கள் மாலையோடு வந்துகொண்டிருந்தபோது, ஒரு லாரி ஷோரூம் வாசலில் நின்றது. ஒச்சாயி உடைந்த டிராக்டரை அங்கேயே இறக்கச் சொன்னாள். லாரியை அனுப்பிவிட்டு, வண்டியின் டயரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். சத்தம் போடவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒன்றுதான் சொன்னாள்: "விரிசலுக்குள்ள விரல விட்டுக் கூட்டோட கனத்தப் பாத்துட்டு உள்ள போங்க."

ஹரிஷங்கர் ஓடி வந்தார். "போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவுகளும் பாக்கட்டும்."

சோழவந்தானிலிருந்து வந்திருந்த தங்கப்பாண்டி என்ற விவசாயி உண்மையிலேயே விரலை விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, மனைவி கையிலிருந்த மாலையை வாங்கிப் பைக்குள் வைத்தார். "இன்னொரு நாள் வாரோம்" என்று சொல்லிக் கிளம்பினார். அவருக்குப் பின்னால் இன்னொரு குடும்பமும் போனது.

மதியத்துக்குள் சென்னைக் கம்பெனி ஆபீஸிலிருந்து போன் வந்துவிட்டது. காசில்லாமல் கூட்டை மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஹரிஷங்கர் குரலைத் தாழ்த்தி, "நம்ம வண்டி நல்ல வண்டின்னு வந்தவங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா" என்றார்.

"வாய்ல ஏதாச்சும் வந்துரும். போயிரு."

கூடு வந்து சேர்ந்து, வேலை முடிவதற்குள் கரிசலின் ஈரம் காய்ந்துவிட்டது. வாடகைக்குச் சொல்லி வைத்தவர்கள் வேறு வண்டி பிடித்து உழுதுவிட்டார்கள். அவளுடைய சொந்தக் காடு தரிசாகக் கிடந்தது. அந்த வருசம் போனது போனதுதான். அதற்கு யாரும் வாரண்டி தரவில்லை.

வண்டியை ஒப்படைத்த ஷோரூம் மெக்கானிக் பாண்டிராஜிடம் ஒச்சாயி கேட்டாள். "புதுக் கூடும் அதே கனம்தான?"

அவர் துணியில் கையைத் துடைத்தார். "அதே பார்ட்டுதான்க்கா. இந்த மாடலுக்கு வேற வராது."

"கனமாச் செய்யத் தெரியாதா அவுகளுக்கு?"

"தெரியும்க்கா."

அந்தப் பதிலில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். பேரையூர் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்த சோலை, "சரியாப் போச்சா?" என்றார்.

"மாத்திக் குடுத்திருக்காய்ங்க" என்று சொல்லிவிட்டு, அதே கனம்தான் என்பதை அவரிடம் சொல்லாமல், சாவியைக் கைக்குள் இறுக்கியபடி உள்ளே போனாள்.