நான்காம் அத்தியாயத்தின் மைனஸ்

கழுத்து வலிக்கிறது என்று தனக்கோடி சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைக்கு வலி ஒரு கேடா என்பார்கள். மேற்குத் தாம்பரத்தில், மருந்துக்கடை மாடியில் பதினெட்டு வருஷமாக டைப் அடிக்கிறாள். முதலில் மிஷின், பிறகு கம்ப்யூட்டர். முடிச்சூரில் அப்பா நிலத்தைப் பிளாட் போட்டு விற்ற பத்திரத்தைக்கூட அவள்தான் அடித்தாள். அவள் விரல் வழியாகப் பதினாறு பேர் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்கள். ஒரு புண்ணியவானாவது ஒரு லட்டு கொண்டுவந்து கொடுத்திருப்பானா? கிடையாது.

பதினேழாவது ஆள் ஹேமநாத். கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக எட்டு வருஷம் ஆராய்ச்சி செய்தவர். பஸ்ஸில் உட்கார்ந்து நீல மையில் எழுதிய தாள்களைச் சனிக்கிழமைதோறும் கொண்டுவந்து அவள் மேஜையில் கொட்டுவார்.

"இது இன்னாதான் சார்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உலகத்துல இருக்கிற எல்லாமே ரொம்ப ரொம்பச் சின்ன இழைங்கக்கா. அது அதிர்ற விதத்துலதான் ஒண்ணு ஒளியாகுது, ஒண்ணு கல்லாகுது. ஈர்ப்பு விசை, மின்சாரம் எல்லாத்தையும் ஒரே கணக்குல கொண்டு வரப் பாக்கிறோம். அதுக்கு மொத்தம் பத்துப் பரிமாணம் வேணும்."

"எங்க வூட்ல நாலு பேர ஒரு பேச்சுக்குக் கொண்டாற முடியல. நீங்க உலகத்தையே கொண்டாறீங்க. நடத்துங்க."

அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. முதல் அத்தியாயத்தில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறதே என்று அவளாகவே போட்டுவிட்டாள். அது அங்கே வரக்கூடாதாம். கடையில் நாலு பேர் இருக்கும்போதே கத்தினார். "இருக்கிறத அப்படியே அடிங்க போதும். யோசிக்கிறது என் வேலை!"

அவளுக்குச் சுருக்கென்றது. அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

நீளச் சமன்பாடுகளை இரண்டாம் முறை அடிப்பது அவள் வழக்கமில்லை. முன்னால் அடித்ததை எடுத்து ஒட்டிவிட்டு, தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். நான்காம் அத்தியாயத்தில் அப்படித்தான் இரண்டாம் அத்தியாயத்துச் சமன்பாட்டை ஒட்டினாள். ஒட்டியதில் மூன்றாவது குறி பிளஸ்ஸாக இருந்தது. தாளில் மைனஸ். ஒரு நிமிஷம் விரல் நின்றது. நமக்கெதற்கு வம்பு என்று பிளஸ்ஸை அழித்து மைனஸ் போட்டாள்.

ஆய்வேடு வெளிநாட்டுத் தேர்வாளரிடம் போய் ஒரு வருஷம் கழித்து, 2006 மே மாதத்தில், வேகாத வெயிலில் ஹேமநாத் மாடியேறி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கையில் தேர்வாளர் அறிக்கை. நான்காம் அத்தியாயத்தில் ஒரு குறி தவறு, முடிவு நிற்கவில்லை, ஆறு மாதத்தில் திருத்தித் தராவிட்டால் பதிவு ரத்து.

"டைப்பிங் மிஸ்டேக்கா இருந்தா ஒரு வரியில திருத்தம் குடுத்துடலாம்கா. நான் எழுதின பேப்பர் இருக்கா?"

யார் எப்போது சண்டைக்கு வருவார்களோ என்று தாள்களை அவள் எறிவதில்லை. மூட்டையை அவிழ்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தாள். நீல மையில், அவர் கையெழுத்தில், அழுத்தமான மைனஸ். அவர் முக்காலியில் சரிந்து உட்கார்ந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"நான்தான் தப்பா அடிச்சிட்டேன்னு எழுதிக் குடுக்கட்டா சார்? கடை சீல் வெச்சே தரேன்."

ஹேமநாத் சத்தமில்லாமல் சிரித்தார். "அடுத்த நாப்பது பக்கமும் அந்த மைனஸ நம்பித்தான் போகுதுக்கா. அத்தனையும் நீங்களா கணக்குப் போட்டு அடிச்சீங்க?"

தனக்கோடி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள். சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனாலும் நெஞ்சு கேட்கவில்லை.

"அன்னிக்கே பாத்தேன் சார். ரெண்டாவது அத்தியாயத்துல பிளஸ்தான் இருந்திச்சு. நான்தான் என் கையால அழிச்சேன்."

"பாத்தீங்களா? ஏங்கா சொல்லல?"

"யோசிக்கிறது ஒங்க வேலைன்னு சொன்னீங்களே சார்."

கீழே சண்முகம் ரோட்டில் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஹேமநாத் தண்ணீரைக் குடிக்கவில்லை. கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"வேற எங்கயாவது இந்த மாதிரி பாத்தீங்களாக்கா?" என்று கேட்டார்.

தனக்கோடி கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இன்னும் ரெண்டு எடம் கீது சார்."

அவர் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.