இரண்டு பேர் பேசும் சத்தம்

என் சின்னம்மாவின் மூத்த மகன் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கொடுக்கிறவர். சொந்தத்தில் பாதிப் பேருக்கு அவருடைய நிஜப் பெயர் மறந்தே போய்விட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு அவர் நாய் மாமா, எங்களுக்கு நாய்க்கார அண்ணன். சின்னம்மா பெற்றதில் மற்றதெல்லாம் ஓட்டைவாய். இவர் ஒருவர்தான் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர்.

வாய்த்த அண்ணி அதற்கு நேர்மாறு. சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டோடு பேசுவாள், வாசலில் தபால்காரரை நிறுத்தி வைத்துப் பேசுவாள். அந்த வீட்டுக் கூடத்தில் எப்போதும் யாராவது கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் தாய் நாயும் குட்டிகளும். பேசிக்கொண்டே ஒரு குட்டியை மடியில் போட்டுக்கொள்வோம். யாரும் அதை ஒரு வேலையாக நினைத்ததில்லை.

வேலையெல்லாம் அண்ணனுடையது. குட்டி பிறந்ததும் எது நோஞ்சான் என்று பார்த்து, அதைத் தாயின் பின்காம்புக்கு நகர்த்துவார். அங்கேதான் பால் அதிகமாம். கண் திறக்காத குட்டியை உள்ளங்கையில் ஏந்திப் பஞ்சு முனையால் விரலிடுக்கைத் தொடுவார். ஈரத்துணியில் ஒரு கணம் நிற்க வைப்பார். கண்ணும் காதும் திறந்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. இன்றைக்குச் சாக்கு, நாளைக்கு பிளாஸ்டிக் தாள், மறுநாள் கூழாங்கல் என்று தரையை மாற்றிக்கொண்டே இருப்பார். எவர்சில்வர் தட்டைத் தூரத்தில் போடுவார், பிறகு கொஞ்சம் கிட்டத்தில். குடையை மெதுவாக விரிப்பார். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கையில் தடியோடு நொண்டி நொண்டி நடப்பார். "வந்துட்டாருய்யா கதாநாயகன்," என்று அண்ணி சிரிப்பாள். பிற்பாடு எதைக் கண்டும் மிரளாத நாயாக இருக்க வேண்டுமென்றால் இந்தச் சில வாரத்தில்தான் எல்லாம் அதன் காதிலும் காலிலும் பட்டுவிட வேண்டும், அப்புறம் கதவு சாத்திக்கொள்ளும் என்பார்.

அண்ணி போனாள். சாவுக்கு வந்த கூட்டத்தில் அண்ணியின் தம்பி, குழாய் ரிப்பேர் பார்ப்பவன், "அத்தான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடலையே," என்று யாரிடமோ சொல்லிவிட்டான். அது அண்ணன் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் யாரையும் உள்ளே வா என்று சொல்லவில்லை. நாங்கள் போனால் கதவைப் பாதி திறந்து, "நல்லா இருக்கேன்," என்பார். அந்தப் பாதிக் கதவைத் தாண்டிப் போக யாருக்கு மனசு வரும்? ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம்.

அடுத்த ஈற்றுக் குட்டிகளை அவர் தனியாகவே வளர்த்தார். சாக்கு, கல், தட்டு, குடை எதையும் விடவில்லை. குட்டிகள் நல்ல நல்ல வீடுகளுக்குப் போயின. கொஞ்ச நாளில் பள்ளி பஸ் ஓட்டும் டிரைவரும் அவர் மனைவியும் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"நல்ல குட்டிதான் சார். தனியா இருந்தா மடியிலயே கிடக்கும். ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சா போதும், கட்டிலுக்கடியில போய் ஒண்ணுக்கு விட்டுடுது," என்றார் டிரைவர்.

"இவர் கத்துவார், அதான்," என்றாள் மனைவி.

"நானா கத்தறேன்? தெருமுனை வரைக்கும் கேட்குது உன் குரல்."

"பாத்தீங்களா, இதான் சார் இவர் மெதுவா பேசற லட்சணம்!"

அவர்கள் பேசப் பேச, குட்டி தரையோடு தரையாக ஒட்டி ஊர்ந்து போய் அண்ணனின் காலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. தட்டு விழுந்தால் திரும்பிக்கூடப் பார்க்காத குட்டி அது. அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. அது பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இரண்டு மனிதர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

குட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, டிரைவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். உள்ளே பெட்டியில் இன்னொரு தாய் நாயின் புது ஈற்றுக் குட்டிகள் கிடந்தன. அன்றுதான் காது திறந்து, தள்ளாடி எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தன. இதுகளும் இப்படியே போனால் எந்த வீட்டிலும் ஒட்டாது. ஒவ்வொன்றாகத் திரும்பி வரும், இல்லை தெருவில் விடப்படும். முதலில் ரேடியோவில் நாடகம் வைத்துப் பார்த்தார். குட்டிகள் சுகமாகத் தூங்கின. ரேடியோவுக்கு வாசனையும் கிடையாது, காலும் கிடையாது, பயப்பட அதில் என்ன இருக்கிறது?

மறுநாள் எனக்குப் போன் வந்தது. அண்ணன் குரலைக் கேட்டே வெகுகாலம்.

"தங்கச்சி, ஒரு ஒத்தாசை. ரெண்டு மூணு பேரா வந்து என் வீட்ல பேசிட்டுப் போகணும்."

"என்ன பேசணும்ணே?"

"எதையாவது. நான் இருக்கேன்னு நினைக்காம பேசுங்க." கொஞ்சம் நிறுத்தி, "அவனையும் கூட்டிட்டு வா. அவன் பெண்டாட்டியோட. அவங்கதான் விடாம பேசுவாங்க," என்றார்.

அவன் என்றால் அண்ணியின் தம்பிதான். அந்தக் குழாய்க்காரனிடம் போய்ச் சொன்னேன். அவன் வெகுநேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். "அத்தான் என்னையா கூப்பிட்டாரு?" என்றான். அவன் பெண்டாட்டி, "நாய்க்குட்டிக்காகத்தான், ரொம்பப் பூரிச்சுப் போயிடாதீங்க," என்றாள்.

போனோம். செருப்பை வாசலில் விட்டு, அவர் வைத்திருந்த மருந்துத் தண்ணீரில் காலையும் கையையும் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டார். கூடத்தில் அண்ணி உட்காரும் மோடாவில் யாரும் உட்காரவில்லை. முதலில் பேச்சே எழவில்லை. குழாய்க்காரன் தொண்டையைச் செருமினான். "மழை வரும் போல," என்றாள் அவன் பெண்டாட்டி. "வராது," என்றான் இவன். "நான் வரும்னா நீங்க வராதுன்னுதானே சொல்வீங்க?" அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அவள் தங்கை கல்யாணத்தில் இவன் கோபித்துக்கொண்டு போனது வரைக்கும் இழுத்து வந்துவிட்டார்கள். குட்டிகள் எல்லாம் பெட்டியின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அண்ணன் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து குட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு பக்கமாகச் சாய்ந்திருந்தார், எந்த நேரமும் எழுந்து ஓடிவிடுகிறவர் மாதிரி.

அடிக்கடி போனோம். ஒருநாள் நோஞ்சான் குட்டி ஒன்று மெல்ல வந்து குழாய்க்காரனின் கால் விரலை மோந்தது. "நீங்க வாயை மூடாம இருங்க," என்று அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார். "அதை யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லண்ணே," என்றாள் அவன் பெண்டாட்டி. அண்ணன் உதட்டோரம் லேசாக அசைந்தது. கடைசியில் அந்தக் குட்டி குழாய்க்காரன் மடியிலேயே, அவன் காட்டுக்கத்தல் கத்தும்போதே குறட்டை விட்டது.

டிரைவர் திருப்பித் தந்த குட்டி மட்டும் கட்டிலுக்கடியைவிட்டு வரவில்லை. "அதுக்கு நேரம் போயிடுச்சு," என்றார் அண்ணன்.

குட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை. நோஞ்சானை அந்த டிரைவரே வந்து கேட்டு வாங்கிப் போனார். அதோடு நாங்களும் போக ஒரு காரணம் இல்லாமல் போயிற்று. கடைசி நாள் வாசலில் குழாய்க்காரன் தயங்கி நின்று, "அடுத்த ஈத்து எப்ப அத்தான்?" என்றான். "தாய்க்கு ஓய்வு வேணும். இப்ப இல்ல," என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் மறுபடி போன். "அந்தப் பெரிய குட்டி இன்னும் கட்டிலுக்கடியிலதான் இருக்கு. கொஞ்சம் வந்து பேசிட்டுப் போறியா?"

குழாய்க்காரன் வேலையாக வெளியே போயிருந்தான். நான் மட்டும் போனேன். அண்ணன் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நீ மட்டுமா? பேச இன்னொரு ஆள் வேணுமே."

"நீங்க இருக்கீங்களே."

அவர் சுவரோரம் உட்கார்ந்தார். கூடத்தில் சொட்டுச் சொட்டாகக் கூரைத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். அவர் போட்டு வைத்த தேநீர் ஆறிப்போயிற்று.

"உங்க அண்ணி கடைசியா உங்கிட்ட என்ன பேசினா?" என்றார்.

நினைவு இருந்தது. "குட்டிக்கு நகம் வெட்டற சின்னக் கத்தரிக்கோலைக் காணோம்னா. நீங்கதான் எங்கேயோ வெச்சுட்டீங்கன்னு ஒரே திட்டு."

"நான் வெக்கல," என்றார். "அலமாரிக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சு. அவ போனப்புறம்தான் கிடைச்சுது." டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன்," என்றார்.

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கறுப்பு மூக்கு வெளியே நீண்டு எங்கள் பக்கம் மோந்தது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. "அப்புறம் என்ன சொன்னா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.