மெழுகு ஊற்றிய சாவித் துவாரம்

இது நடந்தது. எனக்குக் கற்பனையெல்லாம் வராது. வந்திருந்தால் என் கடைக்கு ‘அருள் சாவி ஒர்க்ஸ்’ என்று பேர் வைத்திருக்க மாட்டேன். பேய் என்றால் எனக்குப் பயமும் கிடையாது; இருந்த பயத்தையெல்லாம் என் மனைவி பவித்ராவிடமே செலவழித்துவிட்டேன். இதை எழுதச் சொன்னதும் அவள்தான். சொல்லிச் சொல்லி அவள் தூக்கத்தைக் கெடுக்கிறேனாம். ஊரார் தூக்கமும் கொஞ்சம் கெடட்டும் என்கிறாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் நான் செய்த ஒரு தப்பு. அன்றைக்கு நான் வேறு யாருடைய வீட்டையோ திறந்துவிட்டேன். பூட்டுத் திறக்கிறவன் செய்யவே கூடாதது அது. டாக்டர் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆபரேஷன் செய்த மாதிரி.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் என் கடை. வீடு, கார், ஆபீஸ், எது பூட்டிக்கொண்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். பாதிப் பேர் சாவியைக் காருக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவர்கள். மீதிப் பேர் குப்பை கொட்ட லுங்கியோடு வெளியே வந்து, காற்றில் கதவு அடைத்துக்கொண்டவர்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். வண்டியில் திரும்பும்போது சிரித்துக்கொள்வேன்.

வைகாசி மாதம். உச்சி வெயில். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், போன் வந்தது.

“அண்ணா, பெங்களூர்லேர்ந்து பேசறேன். பேரு ஜாஹ்னவி. ஸ்ரீரங்கத்துல எங்கப்பா தனியா இருக்கார். காலம்பறலேர்ந்து போன் எடுக்கலை. சுகர் அவருக்கு. ஊசி போட்டுண்டு சாப்பிட மறந்துடுவார். கதவைத் திறந்து பாருங்களேன்.”

“அட்ரஸ் சொல்லுமா.”

வீதியின் பேரைச் சொன்னாள். நம்பர் பதினெட்டு. அப்பா பேர் வரது.

டப்பாவை மூடிவிட்டுக் கிளம்பினேன். சுகர் இறங்கி மயங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் மாமனாருக்கு ஒரு தடவை அப்படி ஆனது. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். காவிரிப் பாலத்தில் அனல் முகத்தில் அடித்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். நான் வண்டியை முறுக்கிக்கொண்டு போனேன்.

இந்த ஊரில் ஒரு வீட்டுக்கு இரண்டு நம்பர். பழைய நம்பர், புது நம்பர். தபால்காரரே சில சமயம் தலையைச் சொறிவார். ஜாஹ்னவி சொன்னது புது நம்பர். நான் போய் நின்ற கதவில் பெயிண்டால் எழுதியிருந்த பதினெட்டு, பழைய நம்பர். அது அடுத்த வீடு. எனக்கு அது உறைக்கவில்லை.

வழக்கமாக நான் இரண்டு விஷயத்தில் கறார். வீட்டுக்காரர் வீடியோ காலில் வீட்டைப் பார்த்து, ஆமாம் என்று சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்து ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும். அன்றைக்கு என் போனில் சார்ஜ் சாகக் கிடந்தது, வீடியோ கால் தாங்காது. முந்தின ராத்திரி கிரிக்கெட் பார்த்த புண்ணியம். வீதியில் ஆளும் இல்லை. எதிரே இரண்டு கதவைத் தட்டிப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. வீதி முனையில் இஸ்திரி வண்டி நின்றது. அதை வைத்திருக்கும் மாரியாயி அக்கா வண்டிக்குக் கீழே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஜாஹ்னவியைக் கூப்பிட்டேன். பேசும்போதே உள்ளே எங்கோ போன் அடித்தது.

“நான்தான்ணா இன்னொரு போன்லேர்ந்து அடிக்கறேன்,” என்றாள் ஜாஹ்னவி. “கேக்கறதா? திறங்க. ப்ளீஸ், திறங்க…”

அதோடு என் போன் செத்தது.

அந்த வரிசையில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். அடித்தது அடுத்த வீட்டுப் போன். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

கதவுக்குள்ளேயே பதித்த பழைய பூட்டு. கம்பியை விட்டேன், போகவில்லை. குனிந்து பார்த்தேன். சாவித் துவாரத்தில் மெழுகு. யாரோ காய்ச்சி ஊற்றி, விரலால் அழுத்தி அடைத்திருந்தார்கள். விரல் ரேகை கூடத் தெரிந்தது.

பசங்க வேலை என்று நினைத்துக்கொண்டு சுரண்டி எடுத்தேன். கடைசித் துண்டு வந்ததும் துவாரத்திலிருந்து காற்று வந்தது. பூட்டின வீட்டுக் காற்று புழுங்கி, சூடாக வரும். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த காற்று அது. இது ஜில்லென்று வந்தது.

விட்டு விட்டு வந்தது. மூச்சு விடுகிற மாதிரி.

‘ட்டக்.’ பூட்டு திறந்தது.

“செருப்பை வெளியில விட்டுட்டு வாங்கோ.”

பெண் குரல். உள்ளிருந்து. ஐம்பது வயதிருக்கலாம். பதறாத, மரியாதையான குரல். வீட்டில் ஆள் இருக்கும்போது என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எரிச்சல் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன். ஜன்னல்கள் அடைத்திருந்தன. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலுக்குக் கீழே புழுதி, மாவு மாதிரி.

“வரது சார் வீடுதானேம்மா?”

“அவர் அடுத்தாத்துல இருக்கார். விழுந்து கிடக்கார். வாசல் வழியா உங்களால போக முடியாது. இப்படிப் பின்னாடி போங்கோ.”

நடந்தேன். முன்னாலிருந்து கேட்ட குரல் இப்போது எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. நான் யாரையும் தாண்டி வரவில்லை.

“நேரா. முற்றத்துல ஒரு கதவு இருக்கு பாருங்கோ.”

இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் குட்டையாக ஒரு கதவு. அதிலும் பதித்த பூட்டு.

அதிலும் மெழுகு.

“யாரும்மா இப்படி மெழுகு ஊத்தி வச்சது?”

“முதல்ல திறங்கோ.”

சுரண்டினேன். பின்கழுத்தில் ஜில்லென்று காற்று பட்டது. யாரோ தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி…

திரும்பவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் முனகுவது கேட்டது. அதை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

‘ட்டக்.’

அந்தப் பக்கம் பளிச்சென்று வெளிச்சம். கழுவித் துடைத்த தரை. சமையலறை வாசலில் வரது சார் குப்புறக் கிடந்தார். வேட்டி முழுக்க வியர்வை. நல்ல கனத்த சரீரம். புரட்டப் பார்த்தேன், அசையவில்லை.

“நான் வரலாமா?”

கதவுக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டாள்.

“இதுக்கெல்லாமா கேப்பாங்க? வாங்கம்மா. வந்து ஒரு கை பிடிங்க.”

சொன்னது நான்தான். இந்த வாயால்.

மறுபடி தூக்கினேன். கனம் இல்லை. தலையணையைத் தூக்குகிற மாதிரி வந்தார். சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம்.

உட்கார வைத்தோம் என்கிறேன். இன்னொரு பக்கம் பிடித்த கையை நான் பார்க்கவில்லை. ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று பவித்ரா கேட்பாள். தெரியவில்லை. என் கழுத்து நிமிர மாட்டேன் என்றது.

“சர்க்கரை…” என்றேன்.

“மேல் தட்டு. பித்தளை டப்பா.”

இருந்தது. கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டுக்குள் தடவினேன். தொண்டை அசைந்தது. கண் திறந்தது.

என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

எழுந்திருக்கக் கூடத் தெம்பில்லாத மனுஷன், குதிகாலால் தரையை உந்தி உந்திச் சுவரோடு நகர்ந்தார். வாய் கோணியது. சத்தம் வரவில்லை.

“பயப்படாதீங்க சார், பொண்ணுதான் அனுப்பிச்சுது.”

என் காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல். ரொம்ப மெதுவாக. ரொம்பப் பிரியமாக.

“இப்போ போயிடக் கூடாது இவர். நான் இப்பத்தானே வந்திருக்கேன்.”

நல்ல மனசு என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஆம்புலன்ஸுக்கு வாசலைத் திறக்க ஓடினேன். கதவுக்குக் குறுக்கே உள்பக்கம் கனமான இரும்புப் பட்டை. வெளியிலிருந்து எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது. சரியான வீட்டுக்குப் போயிருந்தால் வாசலிலேயே நின்றிருப்பேன், அவர் உள்ளேயே போய்ச் சேர்ந்திருப்பார். பட்டையைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். மாரியாயி அக்கா அவிழ்ந்த முடியோடு ஓடி வந்து 108க்குப் போன் செய்தது.

திரும்பி வந்தால் வரது சார் மட்டும். மறுபடி கண் சொருகிக் கிடந்தார். மூச்சு சீராக இருந்தது. அந்த அம்மாவைக் காணோம். அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். என் கம்பிப் பை அங்கேதான் கிடந்தது. போய் எடுத்துக்கொண்டேன். திறந்த பூட்டைப் பூட்டிவிட்டு வருவது என் பழக்கம். அவர்கள் வாசலைப் பூட்டினேன். நடுக்கதவைப் பூட்ட, வரது சார் வீட்டுப் பக்கம் வந்து குனிந்தேன். பூட்டி முடித்தேன்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

புழுதிக் கால் தடம். நடுக்கதவிலிருந்து சமையலறை வரைக்கும். போனதும் வந்ததுமாக என் தடம். என் கால் சப்பட்டை, எங்கே பார்த்தாலும் தெரியும்.

பக்கத்தில் இன்னொரு தடம். சின்னக் கால். பெண் கால்.

அது உள்ளே போயிருந்தது.

திரும்பி வரவில்லை.

வரது சார் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு வந்த ஜாஹ்னவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க இல்லேன்னா எங்கப்பா இல்லைண்ணா.” எனக்கும் கண் கலங்கியது. சமாளித்துக்கொண்டு, “பக்கத்து வீட்டம்மாவுக்குத்தான்மா நன்றி சொல்லணும்” என்றேன்.

அவள் கை என் கையிலிருந்து மெதுவாகக் கழன்றது.

“எந்தப் பக்கத்து வீடு?”

“பழைய நம்பர் பதினெட்டு. மெழுகு ஊத்தியிருந்துச்சே. அவங்க யாரும்மா?”

“சாப்பிட்டேளாண்ணா? கேன்டீன்ல காபி நன்னாருக்கும்.” எழுந்து போய்விட்டாள்.

மாரியாயி அக்காவிடம் கேட்டேன். “எந்த வூடு? அதுவா… ஏம்ப்பா, உனக்குத்தான் பூட்டு வேலை இருக்கே, அதைப் பாரேன்.” பெட்டிக்குள் இருந்த கரியை ஊதிக்கொண்டே இருந்தது. எதிர் வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் கோயிலுக்கு நேரமாச்சு என்றார். நடை சாத்துகிற நேரத்தில்.

கால் தடத்தை மட்டும் நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேயைப் பார்த்தேன் என்றாகிவிடும், என் தொழிலுக்கு ஆகாது.

பதினைந்து நாள் கழித்து வரது சாரே கூப்பிட்டார். வேலை இருக்கிறதாம். வேறு ஆளை அனுப்பலாம் என்று பார்த்தேன். என்னிடம் வேறு ஆள் கிடையாது, நான்தான் முதலாளி, நான்தான் வேலையாள். போனேன்.

பாதியாக இளைத்திருந்தார். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகவில்லை, என்னையும் கூப்பிடவில்லை.

“இந்த இரும்புப் பட்டையைக் கழட்டி எடுத்துடுங்கோ,” என்றார். “தாழ்ப்பாள், கொக்கி எதுவும் இருக்கப்படாது. உள்ளேர்ந்து ஒரு தள்ளு தள்ளினா கதவு திறந்துடணும்.”

“திருடன் வருவானே சார்.”

“வரட்டும்.”

ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தேன். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம். ஜாஹ்னவி சமைக்கிறாள் என்று நினைத்தேன்.

“பொண்ணு ஊர்லதான் இருக்குதா சார்?”

“நேத்திக்கே போயிட்டா. திரும்பி வந்து என்னையும் கூட்டிண்டு போறேன்னா.”

ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது.

“சார், இனிமே மழுப்பாதீங்க. அன்னைக்கு அந்த வீட்ல இருந்தது யாரு?”

வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஜாதகம் படிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

“வேதவதி மன்னி. எங்கண்ணா ஆம்படையா. ஒரே வீடாத்தான் இருந்தது. அண்ணா போனப்புறம் பாகம் பிரிச்சோம். நடுக்கதவைப் பூட்டி சாவியை நான் வெச்சுண்டேன். முற்றம் யாருக்குன்னு கேஸ். ஒருநாள் மத்தியானம் மன்னி அந்தக் கதவைத் தட்டினா. மார் வலிக்கறது, திறங்கோன்னா. நான் சாப்பிட்டுண்டிருந்தேன். சண்டைக்கு வரான்னு இருந்துட்டேன். தட்டற சத்தம் நின்னப்புறம்தான் கை அலம்பினேன்.”

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

“அதுக்கப்புறம் தினம் மத்தியானம் சத்தம் வரும். நடுக்கதவு, அவா வாசல் கதவு ரெண்டுலயும் மெழுகு ஊத்தினா துவாரம் வழியா குரலாவது வராதுன்னு ஊத்தினேன். தட்டறது நிக்கலை. பதினோரு வருஷம், ஒரு நாள் விடாம, அந்தப் பக்கத்துலேர்ந்து தட்டினா.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

“நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து தட்டறதில்லை.”